செடி வளர்க்கும் எல்இடி விளக்கு: எது கம்பெனி ரகசியம், எது வாங்குபவர் உரிமை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீரை, மைக்ரோகிரீன், நாற்று, திசு வளர்ப்புக் கன்று என்று அறைக்குள் எதை வளர்க்க எல்இடி விளக்கு தேடினாலும், கொஞ்சம் ஆழமாகக் கேட்டதும் விற்பவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "அது கம்பெனி சீக்ரெட் சார்." சில நேரம் அது நியாயமான பதில். பல நேரம் வெறும் சாக்கு. எது எப்போது என்று பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள் இங்கே.

ஒரு விளக்கில் ரகசியம் என்று என்னதான் இருக்கிறது?

கழற்றிப் பார்த்தால் பெரிய மர்மம் இல்லை. அலுமினியத் தகட்டில் சர்க்யூட் போர்டு, அதன்மேல் வரிசையாக ஒளி தரும் சின்னச் சில்லுகளான டயோடுகள், மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர், சூட்டை வெளியேற்ற ஹீட் சிங்க், சிலவற்றில் லென்ஸ். விளக்கு விற்கும் கம்பெனிகளில் பெரும்பாலானவை டயோடு செய்வதில்லை. சாம்சங், ஆஸ்ராம் போன்ற இடங்களில் தயாரானதை வாங்கிப் பொருத்துகின்றன.

ஆனாலும் அவர்களுக்கென்று உண்மையான ரகசியங்கள் உண்டு. எந்தச் சப்ளையரிடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், சூடு ஓரிடத்தில் தேங்காமல் போர்டை எப்படி வரைந்தார்கள், லென்ஸ் அச்சை எப்படித் திருத்தித் திருத்தி முடித்தார்கள், ஈரமான அறையில் போர்டு அரிக்காமலிருக்க என்ன பூச்சு, மங்கலாக்கும் மென்பொருளில் என்ன இருக்கிறது, சொந்தச் செலவில் நடத்திய பயிர்ச் சோதனைகள் என்ன காட்டின. இவற்றை யாரும் வெளியே சொல்லத் தேவையில்லை.

நான் போடும் கோடு எளிமையானது. எப்படிச் செய்தோம் என்பது செய்தவர் சொத்து. செய்து முடித்த விளக்கு எவ்வளவு மின்சாரம் இழுத்து எவ்வளவு ஒளி தருகிறது என்பது காசு கொடுப்பவருக்குத் தெரிய வேண்டிய கணக்கு. திருநெல்வேலி அல்வாக் கடைக்காரர் பாகின் பதத்தைச் சொல்ல மாட்டார். ஆனால் கால் கிலோவை உங்கள் கண்முன் தராசில் வைத்துத்தான் கட்டித் தருவார்.

"எங்கள் ஸ்பெக்ட்ரம் ரகசியம்" என்கிறார்களே?

ஸ்பெக்ட்ரம் என்பது விளக்கின் ஒளியில் எந்த நிறம் எவ்வளவு என்ற கலவை. விற்ற நொடியிலேயே அது ரகசியமாக இருப்பது நின்றுவிடுகிறது. ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டர் என்ற கருவியை விளக்கின் கீழே வைத்தால் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற முழு வரைபடமும் சில நொடிகளில் வந்துவிடும். போட்டிக் கம்பெனி ஒவ்வொன்றிடமும் அந்தக் கருவி இருக்கிறது. உங்களிடம்தான் இல்லை. ஆகவே ஸ்பெக்ட்ரத்தை மறைப்பவர் யாரிடமிருந்து மறைக்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இதைக் காக்காது. கடையில் வாங்கிய பொருளைப் பிரித்தும் அளந்தும் அறிந்துகொள்வது திருட்டாகாது என்று அமெரிக்காவின் 2016 வணிக ரகசியச் சட்டமும், அதே ஆண்டு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டுச் சட்டமும் தெளிவாகவே சொல்கின்றன.

தவிர, சிவப்பையும் நீலத்தையும் கலந்து எல்இடியில் செடி வளர்ப்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. விஸ்கான்சினில் விண்வெளிப் பயிர் ஆராய்ச்சியில் இருந்தவர்கள் 1980களின் இறுதியிலேயே அதைச் செய்தார்கள். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை, எண் 5,012,609, 1991 மே மாதம் கிடைத்தது. அதன் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று விளம்பரத்தில் வரும் "தனித்துவமான அலைநீளக் கலவை" பெரும்பாலும் வெள்ளை டயோடுகளோடு 660 நானோமீட்டர் சிவப்பு கொஞ்சம் சேர்த்ததுதான்.

அந்த விளம்பரங்களில், பச்சையம் எந்த நிறத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று இரண்டு கூர்முனைகளோடு ஒரு வரைபடம் இருக்கும். பச்சை ஒளி வீண், செடி அதைத் தொடுவதே இல்லை என்று காட்டுவதற்காக. அது இலையிலிருந்து பிரித்தெடுத்த பச்சையத்தைக் குப்பியில் வைத்து அளந்தது. முழு இலையை வைத்து மெக்ரீ என்ற ஆராய்ச்சியாளர் 1972இல் வெளியிட்ட அளவீடுகளில் பச்சை ஒளியும் கணிசமாகவே பயன்படுகிறது.

வாட் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறார்கள். அது போதாதா?

போதாது. வாட் என்பது விளக்கு தின்பது, தருவது வேறு. பெயரில் 1000 என்று இருக்கும் விளக்கு சுவரிலிருந்து 100, 150 வாட் மட்டும் இழுப்பது இந்தத் தொழிலில் சகஜம். பழைய விளக்கு ஏதோ ஒன்றுக்கு "ஈடு" என்று போட்ட கணக்கு அது. லூமெனும் உதவாது, அது மனிதக் கண்ணுக்கான அளவு.

செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஃபோட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், எண்ணிக்கை. அதை எண்ணும் அலகு மைக்ரோமோல். விளக்கு ஒரு நொடியில் மொத்தம் எத்தனை மைக்ரோமோல் ஃபோட்டான் தருகிறது என்பதை பிபிஎஃப் என்பார்கள். அதை வாட்டால் வகுத்தால் ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று வரும். இந்தத் தொழிலில் ஒரே ஒரு எண்ணை மட்டும் கேட்க முடியுமென்றால் இதைத்தான் கேட்க வேண்டும்.

இந்த எண்ணை வெளியில் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. அங்கே ஆராய்ச்சியாளர்கள் நெல்சனும் புரூஸ் பக்பீயும் சந்தையில் இருந்த விளக்குகளைத் தாங்களே அளந்து 2014இல் வெளியிட்டார்கள். எல்இடி என்றாலே சோடியம் விளக்கைவிடப் பல மடங்கு மேல் என்று விற்பனையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அளந்து பார்த்தால் இரண்டிலும் ஆகச் சிறந்தவை ஜூலுக்கு ஏறக்குறைய 1.7 மைக்ரோமோல் என்று சமமாக நின்றன. விலையிலோ எல்இடி ஒரு ஃபோட்டானுக்கு ஐந்து முதல் பத்து மடங்கு. எந்தக் கம்பெனியின் ரகசியத்தையும் அவர்கள் திருடவில்லை. தராசில் வைத்தார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு எல்இடி வெகுவாக முன்னேறி, நல்ல விளக்குகள் இன்று 2.5ஐத் தாண்டிவிட்டன.

இந்த எண்ணால் உங்கள் பணப்பை எவ்வளவு மாறும் என்று பாருங்கள். ஒரு படுக்கைக்கு நொடிக்கு 1500 மைக்ரோமோல் தேவை என்று வைப்போம். 2.8 தரும் விளக்கென்றால் 536 வாட். 2.2 என்றால் 682 வாட். தினம் 16 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்றால் 6,800 ரூபாய், ஒவ்வொரு ஆண்டும், ஒரே ஒரு படுக்கைக்கு. இந்த எண்ணை "ரகசியம்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த 6,800 ரூபாயைத்தான் ரகசியம் என்கிறார்.

டயோடின் பெயரையே சொல்லிவிட்டார்களே, அது வெளிப்படைத்தன்மைதானே?

பாதி. சில நேரம் பாதிகூட இல்லை. "சாம்சங் எல்எம்301ஹெச், ஜூலுக்கு 3.1 மைக்ரோமோல்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அந்த 3.1 சாம்சங்கின் டேட்டாஷீட்டில் உள்ளதுதான், பொய்யில்லை. ஆனால் 65 மில்லிஆம்பியர் கரன்ட்டில், 25 டிகிரி வெப்பத்தில், தனி டயோடாக அளந்த எண் அது. டயோடு விலை மிச்சம் பிடிக்க எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் கரன்ட்டைக் கூட்டினால் திறன் இறங்கும். சூடு ஏறினாலும் இறங்கும். அதற்குமேல் டிரைவரில் 5, 6 சதவீதம் போகும். லென்ஸிலும் கண்ணாடியிலும் இன்னும் கொஞ்சம் போகும். டயோடு 3.1ஆகவே இருந்தாலும் டிரைவர் 94 சதவீதம், மேல்மூடி 95 சதவீதம் என்று பெருக்கினால் விளக்கில் 2.77தான் மிஞ்சும்.

இன்னொன்று தரப்பிரிவு. ஒரே உற்பத்தி வரிசையில் வரும் டயோடுகள் எல்லாம் ஒரே பிரகாசத்தில் இருக்காது. அளந்து, தரம் பிரித்து, தனித்தனி விலைக்கு விற்பார்கள். கடைசித் தரத்துக்கும் முதல் தரத்துக்கும் பெயர் ஒன்றே. "அதே டயோடு, பாதி விலை" என்ற விளம்பரத்தின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

எந்தத் தரம், எவ்வளவு கரன்ட் என்று சொல்ல வேண்டுமா? என்னைக் கேட்டால் வேண்டாம். அது வடிவமைப்பவரின் தீர்மானம். முழு விளக்கின் திறன் எண்ணை மூன்றாம் தரப்புச் சோதனையோடு கொடுத்துவிட்டால் உள்ளே எதைப் போட்டிருந்தால் நமக்கென்ன?

சிலர் 4, 5 மைக்ரோமோல் என்றெல்லாம் போடுகிறார்களே?

இயற்பியல் விடாது. 660 நானோமீட்டர் சிவப்பில், மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும் ஜூலுக்கு 5.5 மைக்ரோமோல்தான் உச்சம். 450 நானோமீட்டர் நீலத்தில் 3.8க்கும் சற்றுக் கீழே. வழக்கமான வெள்ளை எல்இடி என்பது நீல டயோடின்மேல், நீல ஒளியை வேறு நிறங்களாக மாற்றும் பாஸ்பர் பூசியது. ஒரு நீல ஃபோட்டானுக்கு ஒரு ஃபோட்டானுக்குமேல் அது திருப்பித் தராது என்பதால் அதற்கும் அதே 3.8தான் கூரை. வெறும் வெள்ளை டயோடு போட்டு 4 என்று எழுதியிருந்தால், ரகசியத் தொழில்நுட்பம் என்று மலைக்க வேண்டாம். கடையை மாற்றுங்கள்.

ஒளிப் பரவல் வரைபடம் கொடுக்கிறார்கள். அதை நம்பலாமா?

ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஃபோட்டான் அளவு பிபிஎஃப்டி. கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு எண் என்று அச்சிட்டிருப்பார்கள். பொய் சொல்லாமலே ஏமாற்ற இதைவிட வசதியான இடம் கிடையாது. விளக்கைக் கீழே இறக்கி, நட்டநடுவில் வரும் பெரிய எண்ணை மட்டும் விளம்பரத்தில் போடலாம். சுற்றிலும் வெள்ளித்தாள் ஒட்டிய கூடாரத்துக்குள் அளந்துவிட்டு அதைச் சொல்லாமல் விடலாம். ஓரத்தில் 200, நடுவில் 1100 என்றால் ஓரத்துக் கீரை நீண்டு சாயும், நடுவில் இலை கருகும்.

எவ்வளவு உயரம், எவ்வளவு பரப்பு, சுவர் உண்டா இல்லையா, சராசரி என்ன, குறைந்தபட்சம் என்ன. இவை இல்லாத வரைபடம் வெறும் வண்ணப்படம்.

"50,000 மணி நேரம் உழைக்கும்" என்பது?

டயோடு செய்பவர்கள் எல்எம்-80 என்ற முறைப்படி குறைந்தது 6,000 மணி நேரம் எரித்து, ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பதிவு செய்வார்கள். அதிலிருந்து எதிர்காலத்தைக் கணிக்க டிஎம்-21 என்ற விதி இருக்கிறது. சோதித்த நேரத்தின் ஆறு மடங்குக்குமேல் கணித்துச் சொல்லக் கூடாது என்பது அதன் வரம்பு. 6,000 மணி நேரச் சோதனைக்கு 36,000. ஒரு லட்சம் மணி நேரம் என்று எழுத 16,000 மணி நேரத்துக்குமேல் சோதித்திருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அணைக்காமல்.

எத்தனை சதவீதம் மங்கும்வரை என்பதும் முக்கியம். தெருவிளக்கு உலகில் 70 சதவீதம் மிஞ்சும்வரை ஆயுள் என்பார்கள். விவசாயிக்கு 30 சதவீத ஒளி போனால் விளைச்சலும் போகும். அதனால் 90 சதவீத எல்லையைக் கேளுங்கள். டிரைவர் இந்தச் சோதனையில் இல்லவே இல்லை. நம் ஊர் வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில் பெரும்பாலும் முதலில் போவது அதுதான்.

இதையெல்லாம் யாராவது சரிபார்க்கிறார்களா?

வட அமெரிக்காவில் டிசைன்லைட்ஸ் கன்சார்ட்டியம், சுருக்கமாக டிஎல்சி, என்ற லாபநோக்கற்ற அமைப்பு இருக்கிறது. அங்கே மின்வாரியங்கள் திறன்மிக்க விளக்குக்குத் தள்ளுபடி தருகின்றன. அதற்குத் தகுதியான விளக்குகளின் பட்டியலைப் பராமரிப்பது இந்த அமைப்பின் வேலை. 2018இல் தோட்டக்கலை விளக்குகளுக்கும் பட்டியல் தொடங்கியபோது குறைந்தபட்சத் தகுதி ஜூலுக்கு 1.9. 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில் 2.3. ஐந்தாண்டு உத்தரவாதமும், 90 சதவீத எல்லையில் 36,000 மணி நேரமும் உண்டு.

எனக்கு இதில் பிடித்தது ஏற்பாடு. ஆய்வக அறிக்கைகள், உள் வெப்ப அளவீடுகள் போன்ற விவரங்கள் அமைப்பின் ஆய்வாளர்களிடம் போகும். ஒளி, வாட், திறன் ஆகிய முடிவுகள் எல்லோரும் பார்க்கும் பட்டியலில் வரும். வெளிப்படைத்தன்மையும் ரகசியமும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். எந்த அளவை எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கும் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கத்தின் எஸ்640, எஸ்642 என்ற தரநிலைகள் 2017, 2018இல் வந்துவிட்டன. உணவுப் பொட்டலத்தில் இருப்பதுபோல் விளக்குக்கும் ஒரே மாதிரி விவரச்சீட்டு வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்களின் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 2017இல் மாதிரியே வரைந்து கொடுத்தார்கள். அதை அப்படியே ஒட்டி விற்கும் கம்பெனியைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள்.

தயாரிப்பாளர் பக்கத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது, அதுவும் சின்ன கம்பெனிகளுக்கு நிறைய. ஒரு நல்ல வடிவம் சந்தைக்கு வந்த சில மாதத்தில் ஷென்சென் தொழிற்சாலைகளிலிருந்து அதே உருவம், அதே துளைகள், வேறு பெயரில் வந்து நிற்கும். சில நேரம் செய்து கொடுத்த தொழிற்சாலையே அதைச் செய்யும். ஒரு மாடலை ஆய்வகத்தில் முறையாகச் சோதிக்கக் கணிசமான பணம் ஆகும். பெரிய கம்பெனிக்கு அது சில்லறை, ஐந்து பேர் நடத்தும் கம்பெனிக்குப் பாரம். அவ்வளவும் செலவழித்து எண்ணைப் போட்டபின், பக்கத்துக் கடைக்காரர் அளக்காமலே அதைவிடப் பெரிய எண்ணை எழுதிவிட்டால் நேர்மையானவர்தான் தோற்பார்.

இதனால்தான் நேர்மையான சின்ன கம்பெனிக்கு வெளிப்படைத்தன்மை கூடுதலாகத் தேவை என்று நினைக்கிறேன். எல்லோரும் ஒரே முறையில் அளந்த எண்ணைப் போட வேண்டியிருந்தால் நகலெடுத்தவரின் விளக்கு அங்கேதான் மாட்டும். உருவத்தை நகலெடுக்கலாம், மலிவு டிரைவரையும் மூன்றாம் தர டயோடையும் போட்டு 2.8ஐ நகலெடுக்க முடியாது.

காப்புரிமை எடுத்துவிட்டால் மறைக்க வேண்டியதில்லையே?

காப்புரிமை என்பதே ஒரு பேரம்: முழுதாக எழுதி ஊரறியச் சொல், 20 ஆண்டு உனக்கே. ரகசியத்துக்குக் கால எல்லை இல்லை, ஆனால் ஒருமுறை வெளியானால் போச்சு. வெளியிலிருந்து பார்த்தே புரியக்கூடியதற்குக் காப்புரிமையும், புரியாததற்கு ரகசியமும் பொருந்தும். பிலிப்ஸ் வழிவந்த சிக்னிஃபை தன் எல்இடி விளக்குக் காப்புரிமைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மற்ற தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தரும் திட்டமே நடத்துகிறது. ஒரே கம்பெனி இரண்டையும் வைத்திருப்பது சாதாரணம். "காப்புரிமை பெற்ற ரகசியத் தொழில்நுட்பம்" என்று யாராவது எழுதினால் மட்டும் சிரித்துவிடுங்கள். ஒரே விஷயம் காப்புரிமையாகவும் ரகசியமாகவும் இருக்க முடியாது.

பயிர்வாரி ஒளிச் செய்முறையையும் வெளியிடச் சொல்லலாமா?

இங்கே நான் தயாரிப்பாளர் பக்கம். லெட்யூசுக்கு எந்த வாரத்தில் எவ்வளவு நீலம், அறுவடைக்கு முன் எத்தனை நாள் நிறம் ஏற்ற வேண்டும் என்று கண்டுபிடிப்பது மாதக்கணக்கில் பயிர் வைத்து அழித்துச் செய்யும் வேலை. பிலிப்ஸ் 2015இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் திறந்தது. அதை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

ஆனால் "எங்கள் ஒளியில் 30 சதவீதம் கூடுதல் விளைச்சல்" என்று விளம்பரம் செய்தால் கதை மாறுகிறது. எதைவிட 30 சதவீதம்? இரண்டு பக்கமும் ஒரே அளவு ஃபோட்டான் கொடுத்தார்களா? ஒரே வெப்பநிலையா? கூடுதல் ஒளி கொடுத்துவிட்டு கூடுதல் விளைச்சலை ஸ்பெக்ட்ரத்தின் பெருமையாக எழுதுவது பழைய வித்தை. ரகசியத்தை வைத்துக்கொள்ளலாம், ரகசியத்தைச் சாட்சியாகக் காட்டி விற்கக் கூடாது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இங்கே இல்லை. சட்ட ஆணையம் 2024இல் தன் 289ஆம் அறிக்கையில் ஒரு வரைவு மசோதாவைப் பரிந்துரைத்தது. அதுவரை ஒப்பந்தமும் நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் துணை.

அந்தத் தீர்ப்புகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒன்று உள்ளரங்கச் செடி வளர்ப்பைப் பற்றியதே. ஜான் ரிச்சர்ட் பிராடி என்பவர் அடைத்த அறைக்குள் ஆண்டு முழுதும் பசுந்தீவனம் வளர்க்கும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். அதற்கு வெப்பத்தடுப்புப் பலகைகள் செய்து தருமாறு ஓர் இந்திய நிறுவனத்தை அணுகி, நம்பி வரைபடங்களையும் விவரங்களையும் கொடுத்தார். ஆர்டர் நடக்கவில்லை. அந்த நிறுவனமே அதேபோன்ற இயந்திரத்தைச் செய்து விற்கத் தொடங்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் 1987இல் தடை விதித்தது: நம்பிக் கொடுத்ததை நம்பிக்கை மீறிப் பயன்படுத்தக் கூடாது. கவனியுங்கள், காக்கப்பட்டது கையில் ஒப்படைத்த வரைபடம். விற்ற பொருளை யாரோ அளந்து பார்த்ததை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

வாங்குபவர் பக்கம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்பதன் விளக்கத்துக்குள் வருகிறது.

மொத்தமாக வாங்கும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால்?

வரைபடம், மென்பொருள், விலை ஆகியவற்றுக்குப் போடலாம். உங்கள் அறையில் நீங்கள் எடுக்கும் ஒளி அளவையும், உங்கள் விளைச்சலையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இரவில் சாமந்திக்குப் போடும் விளக்குக்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா?

வேண்டாம். பூக்கும் காலத்தைத் தள்ளிப்போட நடு இரவில் கொடுக்கும் ஒளி மிகக் குறைவு; சதுர மீட்டருக்கு நொடிக்கு ஓரிரு மைக்ரோமோல் போதும். அங்கே சிவப்பு இருக்கிறதா, மழை தாங்குமா என்று பார்த்தால் சரி.

நானே அளந்து பார்க்க வழி உண்டா?

முழுதாக இல்லை, ஓரளவு உண்டு. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விளக்கு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அதில் பாருங்கள். பெயரில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் உள்ள தூரமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஃபோட்டானை எண்ணும் குவாண்டம் சென்சார் விலை அதிகம். பக்கத்து வேளாண் கல்லூரியில் இருக்கலாம், கேளுங்கள். வெள்ளை எல்இடியாக இருந்தால் சாதாரண லக்ஸ் மீட்டரும் ஓரளவு உதவும்: காட்டும் லக்ஸை 67 போன்ற ஓர் எண்ணால் வகுத்தால் தோராயமான பிபிஎஃப்டி கிடைக்கும். ஊதா நிறத்தில் எரியும் சிவப்பு–நீல விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது.

அந்த எண்ணை வைத்து ஒரு நாளைய மொத்தத்தைப் போடலாம். சராசரி 250 என்றால், 16 மணி நேரத்துக்கு 250ஐ 57,600 நொடியால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 14.4 மோல். லெட்யூசுக்கு அது தாராளம். நடுவில் மட்டும் அளக்காமல் நான்கு மூலைகளிலும் அளந்து சராசரி எடுங்கள்.